பழைய பாய்மரப் படகு, பழுதான வயரிங்: விலை பேசுவது எப்படி?

கேள்வி: 1986இல் கட்டிய கேட்டலினா 30 ஒன்று பிளஃபர்ஸ் பார்க் மரீனாவில் விற்பனைக்கு நிற்கிறது. 24,000 கனடா டாலர் சொல்கிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சில நேரம் எஞ்சின் பிடிக்கிறது, சில நேரம் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கேபின் விளக்குகளும் மங்கல். "பேட்டரி பழசு, வேறொன்றுமில்லை" என்கிறார் உரிமையாளர். பேட்டரிக்காக 300 டாலர் குறைத்துக் கேட்டு வாங்கிவிடலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: இப்போதைக்கு எந்தத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். 300 டாலர் என்று நீங்கள் கேட்டுவிட்டால், கோளாறு பேட்டரியில்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு வேறு எதைக் கண்டுபிடித்தாலும் பேச்சை அங்கிருந்து நகர்த்துவது கடினம். முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். 30 டாலர் மல்டிமீட்டர் ஒன்றும், பட்டனை அழுத்த இன்னொரு ஆளும் போதும்.

சார்ஜரை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்யாமல் மேற்கொண்டு சோதிப்பதில் பயனில்லை. அடுத்து, மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 9 வோல்ட்டுக்குச் சரிந்தால் உரிமையாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம். 'டிக்' சத்தம் வரும்போதும் பேட்டரியில் 12 வோல்ட் அப்படியே நின்றால், பேட்டரி மீது பழி போட முடியாது. மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

இந்தப் படகில் அந்த 'எங்கோ' எங்கே என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அந்த வருடத்துக் கேட்டலினா 30இல் பொதுவாக யுனிவர்சல் எம்-25 டீசல் எஞ்சின் இருக்கும், 21 குதிரைத் திறன். எஞ்சினிலிருந்து காக்பிட் பேனலுக்குப் போகும் வயர்க்கட்டை, டிரெய்லரை இணைக்கப் பயன்படும் பிளக் போன்ற ஒன்றினால் இரண்டு இடத்தில் சேர்த்திருப்பார்கள். ஒன்று எஞ்சின் பக்கம், மற்றொன்று பேனலுக்குப் பின்னால். போதாக்குறைக்கு, பேனலில் உள்ள, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வழியாகவே, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் மொத்த மின்னோட்டமும் போய்த் திரும்ப வேண்டும். எஞ்சின் பிடிப்பதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளுக்கான மின்சாரமும் அதே நீண்ட பாதையில்தான் வருகிறது. நாற்பது வருட ஈரத்தில் பிளக்கின் உள்முனைகள் பச்சை பிடிக்கும், தடை கூடும், சூடேறும். பிளக்கைப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனையைச் சுற்றி உருகி வழிந்திருந்தால் தீப்பிடிப்பதற்கு முந்தைய கட்டத்தைப் பார்க்கிறீர்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை போதும். குளோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது பேட்டரியில் ஒரு அளவு, குளோ பிளக் முனையில் ஓர் அளவு எடுங்கள். பேட்டரியில் 12.4, குளோ பிளக்கில் 9.5 என்று வந்தால், ஏறத்தாழ 3 வோல்ட் வயரிலேயே கரைகிறது. முக்கியமான சுற்றுகளில் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட்டுக்கு மேல், இழப்பு இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் தரம். படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் சர்வேயர்கள் 'ஏபிவைசி' (ABYC) என்று எழுதுவது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுழற்றாதீர்கள். குளிர்விக்கும் நீர் பம்ப் ஒவ்வொரு சுழற்சியிலும் தண்ணீரை மஃப்ளருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை அழுத்தம் இல்லாததால் அது நிறைந்து சிலிண்டருக்குள் புகுந்துவிடும். மொத்தம் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டியிருந்தால் முதலில் நீர் உள்ளே வரும் வால்வான சீகாக்கை மூடுங்கள். எஞ்சின் பிடித்த உடனே திறந்துவிட மறக்கக் கூடாது. எஞ்சின் அருகே இருக்கும்போதே ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டையும் பாருங்கள். எம்-25இன் பழைய பிராக்கெட் எஞ்சினின் முன் மூடியையே விரிசல் விடச் செய்யும், எண்ணெய் கசியும். அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர்க்கட்டுக் கோளாறு பார்க்கப் பயமாக இருந்தாலும் தீர்வு தெரிந்த ஒன்று. பிளக்குகளை அறுத்தெறிந்து ஒட்டுப்பசை உள்ள சுருங்கு குழாய் கிரிம்புகளால் (அழுத்திப் பொருத்தும் முனைகளால்) இணைப்பது, அம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் போடுவது, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கேபிளை ஃபியூஸோடு நேராக இழுப்பது, குளோ பிளக்குக்கு எஞ்சின் அருகிலேயே ஒரு சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைப்பது. அவ்வளவே வேலை. விலையை உண்மையில் தீர்மானிப்பது, உரிமையாளர் வாய் திறக்காத மற்ற வயர்கள்.

மெயின் பேனலைத் திறந்து பின்பக்கம் பாருங்கள். வீட்டு வயரிங்கில் போடும் திருகு மூடிகள் அங்கே இருந்தால், படகு தெரியாத ஒருவர் கை வைத்திருக்கிறார். ஒரே திருகாணியில் நான்கு வளைய முனைகளுக்கு மேல் அடுக்கியிருப்பதும் அப்படியே. பேட்டரியிலிருந்து பேனலுக்குப் போகும் கேபிளில், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் கேபிளுக்கு விலக்கு உண்டு, பேனல் கேபிளுக்கு இல்லை. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் அந்த ஃபியூஸே கிடையாது. அடுத்து, படகின் அடிப்பள்ளமான பில்ஜில் உள்ள பம்ப்பின் மிதவை சுவிட்சைக் கையால் தூக்குங்கள். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் பம்ப் ஓட வேண்டும். கடைசியாக, உரிமையாளர் அனுமதித்தால், பழைய வயர் ஒன்றின் முனையில் ஓர் அங்குலம் தோலை உரித்துப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய கம்பி வெள்ளி நிறத்தில் மின்னும். பூசாத செம்பு வயர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கறுத்துப் போயிருக்கும். ஓர் அங்குலம் தள்ளி வெட்டிய பிறகும் கறுப்பாகவே இருந்தால் முனையை மட்டும் மாற்றிப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். சர்வேயரோடு நிறுத்திவிடாமல், படகு எலக்ட்ரீஷியன் ஒருவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தனியாக அழைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பொதுவான சர்வேயர்கள் பலர் சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி. கூலி மணிக்கு 120 டாலர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். வயர்க்கட்டுக்குப் பத்து மணி நேரமும் 450 டாலர் சாமானும், ஆக 1,650. ஃபியூஸ், பில்ஜ் பம்ப் வேலைக்கு 800. இரண்டு பேட்டரிக்கு 600. திறந்து பார்க்க முடியாத பகுதிகளுக்கு 1,000. மொத்தம் 4,050.

அந்தக் கடைசி ஆயிரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தெரியாத பழுதைச் சுமக்கப்போவது நீங்கள், ஆகவே அதற்கும் ஒரு விலை உண்டு. பேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் பேட்டரியை முதலில் விடுங்கள். நாற்பது வயதுப் படகுக்கு யாரும் புதுப் பேட்டரி விலை சேர்த்துச் சொல்வதில்லை. அதையும் சேர்த்துப் பிடிவாதம் பிடித்தால் நியாயமான மற்றக் கோரிக்கைகளும் பேராசையாகத் தெரியும். ஃபியூஸையும் வயர்க்கட்டையும் விடக் கூடாது.

"குறையெல்லாம் கழித்துத்தான் 24,000 சொல்கிறேன்" என்பார். "எந்தக் குறைக்கு எவ்வளவு கழித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பேட்டரி என்று முன்பே சொல்லிவிட்டார், எனவே வயர்க்கட்டு அந்தக் கணக்கில் இல்லை. மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுவதை நிறுத்துங்கள். உங்கள் பக்கம் இன்னொரு பலம் இருக்கிறது. இந்த வயதுப் படகுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் சர்வே அறிக்கை கேட்கும், அதில் பாதுகாப்புக் குறை என்று குறித்ததைச் சரி செய்யச் சொல்லும். அடுத்து வருபவருக்கும் இதே நிலைதான் என்பது உரிமையாளருக்குப் புரிந்தால் 20,000 பக்கம் இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

கேள்வி: இதே வயர்க்கட்டுக் கோளாறுள்ள படகு ஒன்றுக்குப் பேசிப் பார்த்தோம். உரிமையாளர் விலையைக் குறைக்க மாட்டாராம், தானே சரி செய்து தருகிறாராம். படகு குளிர்காலத்துக்காகக் கரையில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: கூடுமானவரை வேண்டாம். விற்றுவிட்டுப் போகிறவர் வேலை முடிந்தால் போதும் என்று பார்ப்பார். உருகிய பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி சொருகினாலும் அன்று எஞ்சின் பிடிக்கும், உங்களுக்கும் காட்டிவிடலாம். ஆகஸ்ட் மாதம் ஏரி நடுவில் அது மறுபடி கைவிடும். பணத்தைக் குறைத்து வாங்கி, உங்கள் ஆளை வைத்து, உங்கள் கண் முன்னால் செய்வதே நல்லது.

அவர் அசையவே மாட்டார் என்றால், யார் செய்வது, எந்தச் சாமான் போடுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 'மின்கோளாறு சரி செய்யப்படும்' என்ற ஒற்றை வரி போதாது. 'இரு பிளக்குகளும் நீக்கப்படும், வெள்ளீயம் பூசிய படகு வயர் போடப்படும், குளோ பிளக்கில் வோல்ட் இழப்பு 0.36க்குள் இருக்கும்' என்று அளவோடு எழுதினால்தான் பிறகு சரிபார்க்க முடியும்.

கரையில் நிற்கும் படகில் வேறொரு சிக்கலும் உண்டு. பேட்டரி வீட்டில் இருக்கிறது என்பார்கள். எஞ்சினில் உறைபடாத் திரவம் நிரப்பியிருப்பதால் ஓட்டிக் காட்டவும் முடியாது. நன்றாகச் சார்ஜ் செய்த பேட்டரி ஒன்றை நீங்களே கொண்டுபோய் இணைத்தால் விளக்குகள், பம்ப், கருவிகள், வோல்ட் இழப்பு அனைத்தையும் பார்த்துவிடலாம். மாஸ்ட் கழற்றிக் கிடந்தால் அதன் அடியில் தொங்கும் வயர்களைக் கட்டாயம் பாருங்கள். மாஸ்ட் நிற்கும்போது அந்த முனைகள் கண்ணுக்குப் படாது. எஞ்சினும் ஆல்டர்னேட்டர் சார்ஜும் மட்டும் பாக்கி. அவற்றுக்காக விலையில் ஒரு பகுதியை, வசந்தத்தில் படகு தண்ணீரில் இறங்கி எஞ்சின் ஓடும் வரை, புரோக்கரின் அறக்கணக்கிலோ (டிரஸ்ட் அக்கவுண்ட்) வழக்கறிஞரிடமோ நிறுத்திவைக்கக் கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தெரிந்தால் தொகையை விடுவிக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்ட் கிரெடிட்டில் ஒரு 32 அடிப் படகு. கரை மின்சாரக் கேபிள் சொருகும் இடத்தில் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை. "எல்லாப் படகிலும் இப்படித்தான்" என்கிறார் விற்பவர்.
– வாசகர், மிசிசாகா

பதில்: பல படகுகளில் இருப்பது உண்மை. அதனாலேயே அது சரியாகிவிடாது. 30 ஆம்பியர் திருகுப் பிளக்கின் முனைகள் தளர்ந்தால் அங்கே சூடு பிறக்கும், படகுத் தீ விபத்துகளுக்கு இது பேர்பெற்ற காரணம். கறை தெரியும் படகில் ஹீட்டரைப் போட்டுச் சோதிக்காதீர்கள். சாக்கெட், கேபிள் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கருகிய கேபிளைப் புதுச் சாக்கெட்டில் சொருகினால் புதியதும் கருகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கசிவு. ஒன்டாரியோ ஏரி நன்னீர். மனித உடலில் உப்பு இருப்பதால் நன்னீரைவிட உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். படகிலிருந்து தண்ணீரில் கசியும் சிறிய மின்னோட்டம் நீந்துகிறவரின் தசைகளை முடக்கி மூழ்கடித்துவிடும். படகுகள் மின்சாரத்தில் இணைந்து நிற்கும் மரீனாவில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது இதனால்தான். உங்கள் குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, மில்லிஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைக் கரைக் கேபிள் முழுவதையும் சுற்றிப் பிடியுங்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது எண் தெரிந்தால் அவ்வளவு மின்சாரம் தண்ணீர் வழியே திரும்புகிறது. சார்ஜர், வெந்நீர்க் கலன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது போடும்போது எண் எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் இப்போது கிடைக்கிறது. பழைய படகில் இருக்காது, போடும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

பேனலில் கை வைக்கும் முன் இதையும் அறிந்துகொள்ளுங்கள். வட அமெரிக்க 120 வோல்ட் வயரிங்கில் உயிருள்ள வயரின் நிறம் கறுப்பு. பழைய படகுகளில் 12 வோல்ட்டின் நெகட்டிவ் வயரும் கறுப்புதான். இரண்டும் ஒரே பேனலுக்குப் பின்னால் கலந்து கிடக்கும். கரைக் கேபிளைக் கழற்றிய பிறகே திறவுங்கள். விலையைப் பொறுத்தவரை, கரை மின்சாரக் கோளாறு முழுவதையும் கழித்துத்தான் வாங்க வேண்டும். பாதிப் பாதி என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: லங்காவியில் ஒரு 38 அடிப் படகு, சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத் திரை), காற்றுமானி, விஎச்எஃப் ரேடியோ மூன்றும் வேலை செய்யவில்லை. "எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.
– வாசகர், பினாங்கு

பதில்: மூன்றும் ஒரே நாளில் நின்றனவா என்று கேளுங்கள். ஆம் என்றால் மின்னல் தாக்கிய படகாக இருக்கக்கூடும். மலாக்கா நீரிணைப் பக்கம் மின்னல் மிக அதிகம். காப்பீட்டுக் கோரிக்கை ஏதும் போட்டார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்ட் உச்சியிலிருந்து தொடங்குங்கள். விஎச்எஃப் ஆன்டெனா காணாமல் போயிருக்கிறதா, காற்றுமானியின் அடிப்பகுதி கருகியிருக்கிறதா, உச்சி விளக்கின் மூடி வெடித்திருக்கிறதா? ஆன்டெனா மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்து, கீழே ரேடியோ செத்துக் கிடந்தாலும் அதே சந்தேகம்தான். காந்தத் திசைகாட்டியை நான்கு திசையிலும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். தாக்குதலுக்குப் பிறகு அது மாறிப்போகலாம்.

இவற்றைவிட முக்கியம், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்ப்பது. மின்னல் கடலை அடைய வழி தேடும்போது நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள உலோகப் பொருத்துகளின் பக்கமாக வெளியேறும். ஊசித் துளைகள், பொருத்தைச் சுற்றி உரிந்த ஜெல்கோட் மேற்பூச்சு, உலோகப் பொருத்துகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்பு வயர் உருகியிருப்பது இவற்றைத் தேட வேண்டும். ஊசித் துளை ஒன்று இரவோடு இரவாகப் படகை மூழ்கடிக்காவிட்டாலும் ஃபைபர் அடுக்குகளுக்குள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். தூக்கும் செலவு வழக்கமாக வாங்குபவருடையது. இந்தப் படகுக்கு அதைத் தயங்காமல் செலவிடுங்கள்.

மின்னல் தாக்கிய படகில் இன்று வேலை செய்யும் கருவிகளும் சில மாதங்களில் ஒவ்வொன்றாகச் சாகக்கூடும். சார்ஜர், ஆல்டர்னேட்டரின் டையோடுகள், தானியங்கிச் சுக்கான், இன்வெர்ட்டர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஆகவே செத்த மூன்றின் விலையை மட்டும் கழிப்பது ஏமாந்த கணக்கு. மொத்த எலக்ட்ரானிக்ஸும் மதிப்பற்றது என்று வைத்து, அதே வகைப் படகு வெறும் உடல், எஞ்சின், பாய்களோடு என்ன விலை போகுமோ அதைச் சொல்லுங்கள். அடியில் துளை இருந்தால் பேரம் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

கேள்வி: 9,000 டாலருக்கு ஒரு 30 அடிப் படகு. வயர்கள் எல்லாமே கறுத்திருக்கின்றன என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், ஹாமில்டன்

பதில்: 30 அடிப் படகை முழுதாக வயரிங் செய்யச் சுமார் 80 முதல் 120 மணி நேரம் பிடிக்கும். ஆள் வைத்துச் செய்தால் கூலியே படகின் விலையைத் தாண்டும், விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. நீங்களே செய்வதானால், ராட்செட் கிரிம்ப் கருவியும் ஒரு குளிர்காலமும் இருந்தால், உடலும் எஞ்சினும் நன்றாக உள்ள படகுக்குச் செய்யலாம். அப்போதும் 9,000 அதிகம். வேலை செய்யாத படகின் விலையைக் கேளுங்கள்.

கேள்வி: நான் பார்த்த படகில் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி புதிதாகப் போட்டிருப்பதாகச் சொல்லி விற்பவர் விலையைக் கூட்டுகிறார். அடிக்கடி ஆல்டர்னேட்டர் கெட்டுப்போகிறதாம்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இரண்டு செய்தியும் ஒன்றுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். சாதாரண ஆல்டர்னேட்டர் நெடுநேரம் முழுத் திறனில் ஓடிச் சூடேறி எரியும். பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று திடீரென்று துண்டித்தால் எழும் மின்வீச்சு டையோடுகளைக் கொல்லும். ஆல்டர்னேட்டர் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மட்டும் போய், அங்கிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குப் போக வேண்டும். பேட்டரி அருகில் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்தப் பேட்டரி விலையைக் கூட்டக் காரணமாகாது, செலவு வைக்கும் வேலை என்று கழிக்க வேண்டியதுதான்.

பேட்டரி உண்மையிலேயே நல்லதா என்று வோல்ட்மீட்டரில் தெரியாது. பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் 13 வோல்ட்டுக்கு மேலேயே காட்டிக்கொண்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் செய்து, 20 ஆம்பியர் சுமையைப் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதென்றால் பத்து மணி நேரம் தாங்க வேண்டும். ஏழு மணி நேரத்திலேயே துண்டித்தால் 140 ஆம்பியர்-மணிதான் மிச்சம், விலையும் அந்த அளவுக்குத்தான்.